டேனியல், தாமஸ் (1749–1840)

தஞ்சைப் பெரிய கோயிலையும் காவிரிப் பிரதேசத்தையும் சித்திரங்களாகத் தீட்டிய ஆங்கில இயற்கைக் காட்சி ஓவியர்.

வாழ்க்கை: தேம்ஸ் நதிக்கரையிலுள்ள கிங்ஸ்டனில் பிறந்த இவர், லண்டன் ராயல் அகாதெமியில் பயின்று, சகோதரர் குமாரர் வில்லியத்துடன் (1769–1837) 1786-இல் கல்கத்தாவை அடைந்தார்.

தென்னாட்டு யாத்திரை: மூன்றாம் மைசூர் யுத்தம் ஓய்ந்ததும், 1792-இல் சென்னையினின்று புறப்பட்ட இருவரும் மைசூர்ச் சீமை, மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களைக் கண்டு, 1793-இன் தொடக்கத்தில் சென்னை மீண்டனர். 1010-இல் முதலாம் இராஜராஜன் நிறைவு செய்த தஞ்சைப் பெரிய கோயிலின் விமானமும், அதன் எதிரேயுள்ள பெரிய நந்தியும், திருச்சி மலைக்கோட்டையும் இவர்களுடைய சித்திரங்களுக்கு விஷயமாயின.

நூலும் முறையும்: தலத்திலேயே, சிற்சில வேளைகளில் காட்சியின் பிம்பத்தைத் தாளில் விழச்செய்யும் இருட்டறைக் கருவியின் துணையுடன், வரைந்த கோட்டுருவங்களை, 1794-இல் தாயகம் திரும்பியபின், பிசின் தூள் படிந்த செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து நிழற்சாயல் பெறும் அக்குவாடிண்ட் முறையில் அச்சிட்டு, கையால் வர்ணமூட்டி, 144 படங்கள் கொண்ட ‘ஓரியண்டல் சீனரி’ (1795–1808) என்னும் நூலாக வெளியிட்டனர். தாமஸ் 1799-இல் அகாதெமியின் முழு உறுப்பினரானார். வில்லியம் பிற்காலத்தில், கார்ன்வால் முனையினின்று தொடங்கிப் பிரிட்டனின் கரையோரத்தை 308 படங்களாக (1814–1825) வரைந்தார்.

முக்கியத்துவம்: புகைப்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப் 1858-இல் தஞ்சைக் கோயிலைப் புகைப்படமெடுப்பதற்கு அறுபதாண்டுகளுக்கு மேல் முற்பட்டனவாதலின், இச்சித்திரங்கள் சரித்திர ஆதாரமாகவும் பயன்படுகின்றன.