பரணிலே பனிக்குளிர்

குறிஞ்சித் திணைக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது என்றும் யாமம் சிறுபொழுது என்றும் வகுத்தார் தொல்காப்பியர். தினைப்புனங் காக்கும் பரணும் அந்த நிலத்துக்கே உரியது. சங்கச் செய்யுள்களிலே அதற்கு இதணம் என்றும் கழுது என்றும் பெயர். ஆகவே குளிர்காலம், நள்ளிரவு, உயரத்திலே ஒரு பரண் என்ற மூன்றும் ஒரே திணையிற் கூடிக் கிடக்கின்றன. இதனை உயர்தர வகுப்பிலே நான் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "சேர், அப்ப பரணிலை இருந்தவை குளிருக்கு என்னத்தைப் போர்த்தவை?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. ஆனால் அது சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று.

நெடுநல்வாடையிலே கூதிர் மழையில் நனைந்த இடையர் கையிலே கொள்ளியை வைத்துக்கொண்டு கன்னம் நடுங்க நிற்பதை நக்கீரர் காட்டுகிறார். அவர்களுக்குத் தீ இருந்தது. புனங்காவலனுக்கும் தீ உண்டு. தட்டை தட்டலாம், கவண் எறியலாம், கூக்குரலிடலாம். யானையையும் பன்றியையும் துரத்துவதல்லவா அவன் தொழில்? விலங்கு வரவேண்டுமென்று காத்திருக்கும் வேட்டைக்காரனின் நிலை இதற்கு நேர்மாறானது. தீ மூட்டினால் புகை காட்டிக்கொடுக்கும். அசைந்தால் கிளை காட்டிக்கொடுக்கும். குளிரோடு போராட அவனிடம் எஞ்சியிருப்பது உடுத்த உடை ஒன்றுதான். நம் வன்னிக் காட்டிலே ஒரு காலத்தில் குளக்கரைகளிற் பரண் கட்டி மரைக்கும் பன்றிக்கும் காத்திருந்தோரை வருத்தியது நுளம்பேயன்றிக் குளிரன்று. மாணவனின் கேள்விக்குரிய வரலாற்றைத் தேடுபவர் வட அமெரிக்காவுக்குத்தான் போகவேண்டும்.

அங்கே வெண்வால் மான் என்றொரு இனம் உண்டு. ஓடும்போது வாலை உயர்த்தும். அதன் அடிப்புற வெண்மை கொடிபோலத் தெரியும். மோப்பம் மிகக் கூரியது. ஆபத்தைத் தரைமட்டத்திலே தேடும் பழக்கமுடையதாகையால் தலைக்கு மேலே பார்ப்பது குறைவு. எனவே பதினைந்து, இருபது அடி உயரத்தில் மரத்திலே அமர்ந்திருப்பவனுக்கு வாய்ப்பு அதிகம். மான்கள் இணைசேரும் காலம் பெரும்பாலும் நவம்பர். விஸ்கொன்சின், மினசோட்டா, மெய்ன் போன்ற வட மாநிலங்களில் அந்த மாதத்து விடியற்காலை பூச்சியம் பாகைக்குக் கீழே இறங்கிவிடும். மான் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். ஆகவே இருள் விலகுமுன்பே காட்டுக்குள் நடந்து சென்று, மரமேறி, மணிக்கணக்கில் மரத்தோடு மரமாக இருக்கவேண்டும்.

இந்த நடைதான் முதற் பகை. சுமையோடு நடப்பவனின் உடல், சும்மா இருப்பவனுடையதைப் போலப் பல மடங்கு வெப்பத்தை உண்டாக்கும். தடித்த அங்கியோடு நடந்தால் வியர்வை உள்ளுடுப்பை நனைக்கும். நடக்கும்போது அது தெரியாது. பரணில் அமர்ந்து அரை மணி நேரம் சென்றபின்தான் தெரியும். காற்றைவிட நீர் ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. நனைந்த பருத்தித் துணி உடலிலிருந்து சூட்டை உறிஞ்சி எடுத்துவிடும். ஆகவே அனுபவசாலிகள் மெல்லிய உடையோடு, சற்றுக் குளிர நடுங்கியபடியே, மெதுவாக நடந்து போவார்கள். தடித்த அங்கியைச் சுருட்டி முதுகிற் கட்டிக்கொள்வார்கள். மரத்தடிக்குப் போய் உடல் ஆறியபின், அல்லது மேலே ஏறியபின்பே அதை அணிவார்கள். நடப்பவனுக்கு உகந்த உடை இருப்பவனுக்கு ஆகாது. இருப்பவனுக்கு உகந்தது நடப்பவனுக்கு ஆகாது. ஒரே காலையில் இருவராகவும் இருக்கவேண்டியவன் வேட்டைக்காரன்.

அந்த அங்கியின் கதைக்கு வருவோம். 1811ஆம் ஆண்டளவில் ஹூரோன் ஏரியின் சென் ஜோசப் தீவிலே பிரித்தானியரின் சிறிய கோட்டையொன்று இருந்தது. சார்ள்ஸ் றொபேட்ஸ் என்பவர் அதன் தளபதி. மாரி நெருங்கிவிட்டது, படையினருக்கு வரவேண்டிய பெரிய மேலங்கிகளோ வந்து சேரவில்லை. களஞ்சியத்திலே இருந்தவை பழங்குடியினருக்குக் கொடுப்பதற்காக வைத்திருந்த கம்பளிப் போர்வைகள். களஞ்சியப் பொறுப்பாளரான ஜோன் அஸ்கின், அவ்விடத்துப் பழங்குடிப் பெண்களையும் கலப்பினப் பெண்களையும் கொண்டு அப்போர்வைகளை வெட்டி அங்கிகளாகத் தைப்பித்தார். அருகிலுள்ள மக்கினக் என்ற இடத்தின் பெயரால் 'மக்கினோ' என்று அந்த அங்கி வழங்கலாயிற்று. 1812 யூலையில் அதே படைப்பிரிவு மக்கினக் கோட்டையைப் பிடித்தது. அது கோடை, அங்கிக்கு அங்கே வேலை இருந்திராது. இந்தக் கதையைச் சொல்வோர் தளபதியின் பெயரையே முதலிற் சொல்கிறார்கள். கத்தரியும் ஊசியும் பிடித்த கைகளுக்கு அந்நாட்டு மாரியைப் பற்றி அவரைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அந்தக் காலத்து வியாபாரப் போர்வையின் ஓரத்திலே சிறு கோடுகள் நெய்யப்பட்டிருக்கும். ஹட்சன் விரிகுடாக் கொம்பனி 1780 முதல் இவ்வகைப் போர்வைகளை ஒழுங்காக வரவழைத்தது. இங்கிலாந்தின் விற்னி என்னும் ஊரிலே நெய்யப்பட்டவை பல. ஒரு போர்வைக்கு எத்தனை தோல் விலை என்பதை அக்கோடுகள் குறித்தன என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அது பிழை. அவை போர்வையின் அளவைக் குறிப்பன. மடித்து வைத்திருந்தாலும் விரிக்காமலே அளவறியச் செய்த உபாயம்.

மக்கினோ அங்கி பின்னர் நீளங் குறைந்து, இடுப்புக்குச் சற்றுக் கீழே நிற்பதாயிற்று. ஆழ்ந்த பனியிலே நடப்பவனுக்கு நீண்ட அங்கி இடைஞ்சல். மரந்தறிப்போர் அதை அணிந்தனர். அவர்களிடமிருந்து வேட்டைக்காரர் கொண்டனர். ஆட்டுக்கம்பளி தன் நிறையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உள்வாங்கியும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. இன்னொரு குணம் பரணுக்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. கம்பளி உராய்ந்தால் ஒலி எழாது. பிற்காலத்து நைலோன் அங்கிகள் காற்றைத் தடுத்தன. ஆனால் கை தூக்கும்போது சரசரத்தன. இருபது அடிக்குக் கீழே நிற்கும் மானுக்கு அந்தச் சரசரப்புப் போதும்.

காலுக்கு வருவோம். மெய்ன் மாநிலத்து லியோன் பீன் என்பவர், வேட்டைக்குப் போனால் கால் நனைகிறதே என்று சலித்து, அடியில் இறப்பரும் மேலே தோலுமாக ஒரு சப்பாத்தை அமைத்து 1912இல் தபால் மூலம் விற்றார். முதல் விற்ற நூறு சோடிகளில் தொண்ணூறு திரும்பி வந்தன. தோலும் இறப்பரும் சேருமிடத்திலே தையல் விட்டுவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கித் திருத்திச் செய்தார். அந்தச் சப்பாத்து இன்றும் விற்பனையில் இருக்கிறது. பரணில் இருப்போர் சப்பாத்தை இறுக்கிக் கட்டுவதில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். இரண்டு சோடி கம்பளிக் காலுறையைத் திணித்து இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்படும்; கூடுதலாகப் போட்டதே கூடுதலாகக் குளிரும்.

மூன்றாவது கதை மரணத்தின் வாசலிலிருந்து வந்தது. சியாற்றில் நகரத்து எடி பவர் 1930களின் நடுப்பகுதியில், மாரியிலே மீன்பிடிக்கச் சென்று திரும்பும்போது, நனைந்த கம்பளி அங்கியோடு குளிரில் விறைத்துச் சாகப் பார்த்தார். கம்பளியும் ஓரெல்லைக்கு மேலே நனைந்தால் வெறும் பாரந்தான். அதன்பின் வாத்தினத்துப் பறவைகளின் மென்தூவியைத் துணிகளுக்கிடையே அடைத்து, தூவி ஒரு பக்கம் திரளாதபடி பகுதி பகுதியாகத் தைத்து, 1936இல் ஓர் அங்கியை உருவாக்கினார். 1940இல் அதற்கு உரிமம் பெற்றார். இரண்டாம் உலகப் போரிலே அமெரிக்க விமானப் படையினர் அவ்வகை அங்கிகளை அணிந்தனர். தூவி பாரமற்றது, முதுகில் சுருட்டிக் கொண்டுபோக அதைப் போன்றதில்லை. நனைந்தாலோ கம்பளியைவிட மோசம்.

உடை உயிர்காத்தது போலவே உயிரைப் பறித்ததும் உண்டு. மான் நிறத்துத் துணியணிந்து காட்டிலே அசைந்த எத்தனையோ பேர் சக வேட்டைக்காரனின் குண்டுக்கு இரையாயினர். சிவப்பும் கறுப்பும் கலந்த கட்டம்போட்ட கம்பளி பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். மங்கலான வெளிச்சத்திலே சிவப்பும் கறுத்துப்போவதால், 1960கள் முதல் ஒளிரும் செம்மஞ்சள் நிறத்தைச் சில மாநிலங்கள் கட்டாயமாக்கின. மானின் கண்ணுக்கு அந்நிறம் நமக்குப்போலப் பளிச்சிடுவதில்லை. 1988இல் மெய்ன் மாநிலத்திலே வெள்ளைக் கையுறை அணிந்து நின்ற ஒரு பெண், மானின் வெண்வாலென்று கருதப்பட்டுச் சுடப்பட்டு இறந்தார். குளிருக்கு அணிந்த கையுறை அது. மான் வேட்டை பற்றிய நூல்கள் உடையின் கதகதப்பைப் பற்றிப் பல பக்கம் எழுதுகின்றன. அதன் நிறத்துக்கும் அத்தனை பக்கங்கள் ஒதுக்கினால் நல்லது.

வில்லாளருக்கு வேறொரு தொல்லை. 1934இல் விஸ்கொன்சின் மாநிலம் வில்வேட்டைக்கெனத் தனிப் பருவம் வகுத்தது. அம்புக்கு மான் மிக அருகில் வரவேண்டும். வில் வேட்டை பெருகப் பெருகப் பரணும் பெருகியது. ஆனால் தடித்த சட்டைக் கையில் நாண் உரசினால் அம்பு திசைமாறும். ஆகவே கைக்கு மெல்லியதும் மார்புக்குத் தடித்ததுமாக, கையில்லாத அங்கியை நாடினார்கள். விரல்களுக்கு இடுப்பிலே கட்டும் உருளைவடிவக் கம்பளிப் பை. கை உள்ளே வெறுமையாகவே இருக்கும். வேண்டிய கணத்தில் உருவி எடுக்கலாம்.

பரணிலே பொருள் வைக்க இடமில்லை. நீர்ப்போத்தல், தொப்பி, கையுறை, கத்தி எல்லாம் மரத்தில் மாட்டிய கொக்கிகளிலே, இருட்டிலும் கை தடவி எடுக்கும் ஒழுங்கில் தொங்கவேண்டும். ஒன்று கீழே விழுந்தால் அந்தக் காலைப்பொழுது போயிற்று. ஆள் விழுந்தால் அதற்கு மேல். மரவேட்டையில் உண்டாகும் பெருங் காயங்களுக்கு முதற்காரணம் வீழ்ச்சியே. முன்னர் இடுப்பைச் சுற்றி ஒரு வார் கட்டினார்கள். தவறித் தொங்கியவனின் மூச்சை அதுவே நெரித்தது. இப்போது தோளையும் தொடையையும் சேர்த்துப் பிணைக்கும் வார்க்கட்டு வந்திருக்கிறது. அதைத் தடித்த அங்கியின் மேலே கட்டுவதா உள்ளே கட்டுவதா என்பது இன்னொரு சிக்கல். மேலே கட்டினால் வெயிலேறியபின் அங்கியைக் கழற்ற முடியாது.

ஏறும்போது துவக்கைக் கையிலெடுத்து ஏறுவதில்லை. குண்டு நிரப்பாமல், குழல்வாயைக் கீழ்நோக்கிக் கயிற்றிற் கட்டித் தரையிலே விட்டுவிட்டு, ஆள் முதலில் ஏறி மரத்தோடு தன்னைப் பிணைத்துக்கொண்டபின் அதை இழுத்தெடுப்பான். இறங்கும்போது வரிசை மாறும்: குண்டுகளை அகற்றிய துவக்கு முதலில், கழற்றிச் சுருட்டிய அங்கி அடுத்து, விறைத்த கால்களைச் சற்று நேரம் நீட்டி மடக்கி உணர்வு வந்தபின் ஆள்.