உறைகளில் வந்த வருமானம்

ஈபே என்ற இணைய ஏல நிறுவனம் எவ்வாறு தோன்றியது என்பது பற்றி நீண்டகாலமாக ஒரு கதை உலவியது. பெஸ் எனும் இனிப்பை வைக்கும் சிறு குப்பிகளைச் சேகரித்து வந்த தமது வருங்கால மனைவிக்காகவே பியெர் ஒமிடியார் அத்தளத்தை அமைத்தாராம். செய்தியாளர்களைக் கவர்வதற்காக நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவு 1997இல் சோடித்த கதை அது என்பது, 2002இல் வெளியான அடம் கொஹெனின் நூலினால் வெளிச்சத்துக்கு வந்தது. அதுவரை பத்திரிகைகள் அதனைத் திரும்பத் திரும்ப அச்சிட்டன. எமது தொழிலுக்கு அது பெருமை சேர்ப்பதல்ல. குப்பிக் கதையைக் காட்டிலும் சுவையான ஒன்று அந்நிறுவனத்தின் வரவுக் கணக்கில் இருந்தது. அதனை நாடியோர் சிலரே.

1995 செப்டெம்பரில், கலிபோர்னியாவில் கணனி நிறுவனமொன்றில் பணியாற்றியவாறே, ஓய்வு நாட்களில் ஒமிடியார் ஒக்ஷன்வெப் என்ற தளத்தை எழுதினார். அங்கு முதலில் விலைபோனதாகக் கூறப்படுவது பழுதடைந்த லேசர் சுட்டி ஒன்று. விலை 14 டொலர் 83 சதம். அப்போது எவரிடமும் கட்டணம் அறவிடப்படவில்லை. தளத்துக்கு வருவோர் பெருகவே, இணைய இணைப்பு வழங்கிய நிறுவனம் மாதக் கட்டணத்தை 30 டொலரிலிருந்து 250 டொலராக உயர்த்தியது. அந்தச் செலவை ஈடுசெய்யவே 1996 பெப்ரவரியில் அவர் கட்டணம் விதித்தார்: 25 டொலருக்குக் குறைந்த பொருளுக்கு விற்பனை விலையில் 5 வீதம், அதற்கு மேற்பட்டதற்கு 2.5 வீதம்.

வசூலிக்க ஆள் இல்லை. விற்றவர்களே தம் கணக்கைப் பார்த்துத் தபாலில் அனுப்பினர். காசோலைகளும், அட்டையில் ஒட்டிய சில்லறை நாணயங்களும் உறை உறையாக வந்து குவிந்தன. பெப்ரவரி வரவே 250 டொலரைத் தாண்டிற்று. மார்ச்சில் 1,000 டொலர், ஏப்ரலில் 2,500, மே மாதத்தில் 5,000, ஜூனில் 10,000. உறைகளைப் பிரிப்பதற்கென ஒருவரைப் பகுதிநேரமாக அமர்த்தவேண்டியதாயிற்று. ஜூன் கணக்கைக் கண்டபின் ஒமிடியார் வேலையை விட்டார்.

நான்கு மாத எண்களை வைத்து ஒருவர் வாழ்க்கையையே பந்தயம் கட்டலாமா? அந்த எண்களை நான் ஒரு தாளில் நீட்டிப் பார்த்தேன். ஜூனுக்குப் பின்னரும் மாதந்தோறும் இரட்டித்திருந்தால், டிசெம்பரில் மாத்திரம் 640,000 டொலர் வந்திருக்க வேண்டும். 1996 முழு ஆண்டுக்கும் நிறுவனம் பின்னர் அறிவித்த வருமானமோ 372,000 டொலர். இரட்டித்தல் நின்றுவிட்டது, ஆயினும் முடிவு பிழையாகவில்லை. 10,000 டொலர் அதே நிலையில் நின்றிருந்தாலும் ஒருவருக்கு அது தாராளமாகப் போதும் என்பதை அவர் கண்டிருப்பார் என்றே எண்ணுகிறேன்.

1998இல் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்க முன்வந்தபோதுதான் கணக்குகள் வெளியாகின. வருமானத்துடன் வேறிரு எண்களும் அங்கே தரப்பட்டிருந்தன: பதிவு செய்தோர் தொகை, தளத்தில் கைமாறிய பொருள்களின் மொத்தப் பெறுமதி. 1996 இறுதியில் பதிவு செய்தோர் 41,000 பேர். ஓராண்டில் அது 341,000 ஆயிற்று. கைமாறிய பெறுமதி 7.3 மில்லியன் டொலரிலிருந்து 95.3 மில்லியனாகவும், வருமானம் 5.7 மில்லியனாகவும் உயர்ந்தன. வகுத்துப் பார்த்தால் நிறுவனத்தின் பங்கு முதலாண்டில் நூற்றுக்கு ஐந்து, அடுத்த ஆண்டில் ஆறு. இந்த விகிதம் அதிகம் அசையாதிருந்தமையால், வருமானத்தை ஊகிப்போர் வருமானத்தைப் பார்க்கவேண்டியதில்லை. எத்தனை பேர் வந்தனர், எவ்வளவு விற்றனர் என்பதே போதுமானதாயிருந்தது. 1998இல் விற்பனை 745 மில்லியன், வருமானம் 47.4 மில்லியன், மீண்டும் ஆறு வீதத்துக்குச் சற்று மேல். ஆனால் 1999 ஜூனில் தளம் ஏறத்தாழ 22 மணித்தியாலம் செயலிழந்து, கட்டணங்களைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. அதனை எந்த விகிதமும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

2000ஆம் ஆண்டில் தலைமை அதிகாரி மெக் விட்மன் துணிந்து ஓர் இலக்கை அறிவித்தார்: 2005இல் 3 பில்லியன் டொலர். அவ்வாண்டின் வருமானம் 431 மில்லியன் மாத்திரமே. ஆண்டுதோறும் ஏறத்தாழ அரைவாசி வளர வேண்டும். பலர் நம்பவில்லை. இலக்கு ஓராண்டு முன்னதாகவே, 2004இல், 3.27 பில்லியனுடன் எட்டப்பட்டது.

விந்தை என்னவெனில், அதே 2004இன் இறுதிக் காலாண்டில் பங்கொன்றின் இலாபம் சந்தை எதிர்பார்த்ததிலும் ஒரு சதம் குறைந்தது. அச்செய்தி வெளியான மறுநாள், 2005 ஜனவரியில், பங்கு விலை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு வீழ்ந்தது.