பென்சீன்: ஓர் எண்ணின் வரலாறு

"அந்தக் காலத்தில் இது நஞ்சு என்று யாருக்கும் தெரியாது." தொழில்சார் நோய்களைப் பற்றிய கருத்தரங்குகளில் இந்த வாக்கியத்தை அடிக்கடி கேட்கிறோம். கல்நாரைப் பற்றியும் ஈயத்தைப் பற்றியும் சொல்வதுபோலவே பெட்ரோலியக் கரைப்பான்களைப் பற்றியும் இதையே சொல்கிறார்கள். பென்சீனைப் பொறுத்தவரை இது வரலாற்றுக்கு முற்றிலும் முரணான கூற்று. 1897 ஆம் ஆண்டிலேயே தெரியும். தெரிந்ததற்கும் தடுத்ததற்கும் இடையே என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுத முயல்கிறேன். சற்று நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளவும்.

மொழியியல் படித்த பழக்கத்தால் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். சுமத்ரா, சாவகப் பகுதிகளிலிருந்து வந்த சாம்பிராணியை அராபிய வணிகர்கள் 'லுபான் ஜாவி' என்று அழைத்தனர்; சாவகத்துத் தூபம் என்பது பொருள். ஐரோப்பியர் காதில் விழுந்த முதல் அசை அவர்களுடைய சுட்டிடைச்சொல்லைப் போல ஒலித்ததால் அதை வெட்டிவிட்டு, மிஞ்சியதைத் திரித்து 'பென்சாயின்' ஆக்கினர். அதிலிருந்து கிடைத்த அமிலம் பென்சாயிக் அமிலம். 1830களில் ஜெர்மானிய வேதியியலாளர் மிட்செர்லிக் அந்த அமிலத்தைச் சுண்ணாம்புடன் சேர்த்து வாலைவடித்தபோது தெளிந்த நீர்மம் ஒன்று கிடைத்தது. அதற்கு அவர் இட்ட பெயரின் வழிவந்ததே இன்றைய 'பென்சீன்'. அதே பொருளை 1825 இலேயே மைக்கேல் ஃபாரடே விளக்கெரிக்கும் வாயுவின் எண்ணெய்க் கசடிலிருந்து பிரித்திருந்தார். ஆனால் அவர் சூட்டிய பெயர் நிலைக்கவில்லை. பிரெஞ்சுக்காரர் லோரான், ஒளிர்தல் என்னும் பொருளுடைய கிரேக்க வேரிலிருந்து 'ஃபீன்' என்ற பெயரை முன்மொழிந்தார். அதுவும் தோற்றது. ஆயினும் பீனால், பீனைல் என்னும் சொற்களில் அந்த வேர் உயிரோடிருக்கிறது. நம் வீட்டுத் தரையைத் துடைக்கும் பினாயிலின் பெயரிலும் அதே வேர்தான்.

இந்தச் சேர்மக் குடும்பத்தையே வேதியியல் 'நறுமணச் சேர்மங்கள்' என்கிறது. பெயர் பொருத்தமானதுதான்; ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. பென்சீனுக்கு இனிய மணம் உண்டு. தொழிலாளிக்கு அது நஞ்சாகத் தோன்றவில்லை. இன்று பாதுகாப்பானதாகக் கருதப்படும் அளவைக் காற்று கடந்து வெகுநேரம் ஆன பிறகே பெரும்பாலோருடைய மூக்கு அதை உணரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நிலக்கரித் தாரிலிருந்து பென்சீனைப் பேரளவில் பிரிக்க வழிகண்டவர் சார்லஸ் மேன்ஸ்ஃபீல்டு. 1855 இல் பாரிஸ் கண்காட்சிக்காக அதைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது வாலை தீப்பற்றியது. எரியும் கலத்தைக் கட்டடத்திற்கு வெளியே சுமந்து சென்ற அவர் தீக்காயங்களால் இறந்தார். பென்சீன் எரியும் என்பதை எல்லோரும் உடனே கற்றுக்கொண்டனர். அதன் ஆவி என்ன செய்யும் என்பதைக் கற்க இன்னும் நாற்பதாண்டுகள் ஆயின.

ரப்பரைக் கரைக்க பென்சீனைவிடச் சிறந்த மலிவான பொருள் அன்று இல்லை. மிதிவண்டிப் பித்து ஐரோப்பாவைப் பிடித்திருந்த காலம் அது. 1897 இல் சுவீடனின் உப்சாலாவில், மிதிவண்டி டயர்த் தொழிற்சாலையில் வேலை செய்த இளம்பெண்களின் நோயைப் பற்றி சான்டெசன் என்ற மருத்துவர் எழுதினார். தோலுக்கடியில் இரத்தக் கசிவு, நிற்காத உதிரப்போக்கு, சோகை. நோயுற்ற ஒன்பது பேரில் நால்வர் இறந்தனர். பென்சீன் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி இரத்த அணுக்களின் பிறப்பையே நிறுத்திவிடுகிறது என்ற அறிவின் தொடக்கம் அந்தப் பெண்களின் உடல்களில் இருக்கிறது. 1910 இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லாரன்ஸ் செல்லிங் இதே நோயை மறுபடியும் கண்டார். அங்கே ரப்பர்க் கரைசலைத் தகர டப்பாக்களின் விளிம்புகளில் பூசி அடைக்கும் வேலை. நோயாளிகள் அங்கும் இளம்பெண்கள்.

இவ்வளவு தெரிந்த பிறகு அதன் பயன்பாடு குறைந்திருக்க வேண்டும். முதல் உலகப்போர் அதைத் தலைகீழாக்கியது. வெடிமருந்துக்கு டொலுவீன் தேவைப்பட்டது. டொலுவீனுக்காகக் கல்கரி உலைகள் பெருகின. உடன்விளைபொருளாக பென்சீன் குவிந்தது. போர் முடிந்தபின் அந்தக் குவியலுக்குச் சந்தை தேவைப்பட்டது. வண்ணப்பூச்சு, பசை, செயற்கைத் தோல், உலர்சலவை என எல்லாவற்றிலும் அது நுழைந்தது. காப்பிக் கொட்டையிலிருந்து காஃபீனை நீக்கும் முதல் வணிகமுறையிலும் பென்சீன்தான் கரைப்பான் என்பதை மாணவர்கள் நம்பவே மாட்டார்கள். அமெரிக்கத் தொழில் மருத்துவத்தின் முன்னோடியான ஆலிஸ் ஹாமில்டன், பெருகிவரும் இந்த ஆபத்தைப் பற்றி 1922 இலேயே மருத்துவ இதழில் எச்சரித்தார்.

இங்கிருந்து கதை மருத்துவத்தைவிட்டு எண்ணுக்கு நகர்கிறது. பத்து இலட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு ஆவி இருந்தால் அது ஒரு பிபிஎம். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்புக் குழு 1926 இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, பரிசோதிக்கப்பட்ட தொழிலாளரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இரத்தத்தில் மாறுதல் இருப்பதைக் காட்டியது. காற்றோட்டக் கருவிகளால் 100 பிபிஎம்முக்குக் கீழே கொண்டுவருவதே அரிது என்றும், கொண்டுவந்தாலும் கணிசமான ஆபத்து எஞ்சியே இருக்கும் என்றும், வேறு கரைப்பானுக்கு மாறுவதே சரியான வழி என்றும் அது கூறியது. பின்னர் நடந்ததைப் பாருங்கள். போதாது என்று சொல்லப்பட்ட அதே 100, 1940களில் 'பாதுகாப்பான வரம்பு' என்ற பெயரில் அரங்கேறியது. அமெரிக்க அரசுத் தொழில்சுகாதார வல்லுநர் மாநாட்டின் பட்டியலில் 1946 இல் 100, 1947 இல் 50, 1948 இல் 35 என அந்த எண் ஆண்டுக்காண்டு இறங்கியது. பென்சீனின் இயல்பு மூன்றாண்டுகளில் மாறிவிடவில்லை.

1948 இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் தனக்காகத் தயாரித்துக்கொண்ட நச்சியல் குறிப்பு ஒன்று உண்டு. பென்சீனுக்கு முழுமையாகப் பாதுகாப்பான ஒரே அளவு பூச்சியம் என்பதே பொதுவான கருத்து என அதில் எழுதியிருக்கிறது. எழுதிய அதே ஏடு, நடைமுறைக்கென வேறோர் எண்ணையும் ஏற்கிறது. 'பாதுகாப்பு', 'நடைமுறை' ஆகிய இரண்டு சொற்களும் அருகருகே நிற்கும்போது எந்தச் சொல் எதை விழுங்குகிறது என்று பார்ப்பது எங்கள் துறையின் வேலை. இந்த ஏட்டில் விடை வெளிப்படை.

வேறு இடங்களில் எண்ணுக்காக யாரும் காத்திருக்கவில்லை. காத்திருக்க உடல்கள் விடவில்லை. 1950களின் ஜப்பானில், ஆட்ரி ஹெப்பர்ன் திரைப்படத்தில் அணிந்து புகழ்பெற்ற வகைச் செருப்புக்குப் பெரும் வரவேற்பு. அவர் பெயரைச் சுருக்கி 'ஹெப்' செருப்பு என்றே அழைத்தனர். பெண்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பென்சீன் கலந்த பசையால் அவற்றை ஒட்டினார்கள். எலும்பு மஜ்ஜை நோய் பரவி மரணங்கள் நேர்ந்தபின் 1959 இல் அந்தப் பசை தடைசெய்யப்பட்டது. அதன் இடத்தில் ஹெக்சேன் வந்தது. 1960களில் அதே செருப்புத் தொழிலாளர்களின் கைகால்கள் மரத்துப்போயின. 93 பேரின் நரம்பு நோயை யமமுரா 1969 இல் பதிவுசெய்தார். பென்சீன் தடைக்கு எதிராக இந்நிகழ்வை மேற்கோள் காட்டுவோரைக் கண்டிருக்கிறேன். மாற்றுப் பொருளையும் சோதிக்காமலேயே தொழிலாளியின் மடியில் வைத்தார்கள் என்பதைத்தான் இது காட்டுகிறது.

இஸ்தான்புல்லின் கதை இதைவிடத் தெளிவானது. அங்கே 1950களின் பிற்பகுதியில்தான் காலணிப் பட்டறைகளுக்குள் பென்சீன் பசை நுழைந்தது. காற்றுப்புகாத சிறு அறைகள். முதலில் மஜ்ஜை செயலிழக்கும் சோகை. சில ஆண்டுகளில் இரத்தப் புற்றுநோய். இரத்தவியல் மருத்துவர் முசாஃபர் அக்சோய் நோயாளிகளின் தொழிலைத் தவறாமல் கேட்டுக் குறித்துவைத்தார். 1967 முதல் 1973 வரை காலணித் தொழிலாளர் 26 பேருக்கு லுகேமியா இருப்பதைக் கண்டறிந்து 1974 இல் வெளியிட்டார். நகரின் காலணித் தொழிலாளர் ஏறத்தாழ 28,500 பேர். அந்த விகிதம் பொதுமக்களில் காணப்படுவதைப்போல் இருமடங்கு. 1969 முதல் அந்தப் பசை படிப்படியாகக் கைவிடப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து நோயும் தணிந்தது. வந்தபோது நோய் வந்தது, போனபோது நோயும் போனது. இதைவிடத் தெளிவான சான்றை எந்தச் சோதனைச்சாலையும் தர முடியாது. "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்ற ஒரே கேள்வியில் பிறந்த சான்று அது.

1977 இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ரப்பர்ப் படலம் தயாரித்த தொழிலாளரின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்த இன்ஃபான்ட்டேவும் குழுவினரும், லுகேமியா மரணம் எதிர்பார்ப்பைவிடக் குறைந்தது ஐந்து மடங்கு மிகுதி என்று காட்டினர். தொழில் பாதுகாப்பு நிர்வாகம் வரம்பை 10 பிபிஎம்மிலிருந்து 1 பிபிஎம்மாகக் குறைத்தது. பெட்ரோலியக் கழகம் வழக்குத் தொடுத்தது. 1980 ஜூலையில் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அந்த வரம்பைத் தள்ளுபடி செய்தது.

மொழியியல் மாணவர்கள் இந்தத் தீர்ப்பை அவசியம் வாசிக்க வேண்டும். பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் அங்கே பெரிய சர்ச்சை இல்லை. சட்டத்தின் ஓரிடத்தில் 'நியாயமாகத் தேவையான' என்ற தொடரும் இன்னோரிடத்தில் 'இயன்றவரை' என்ற தொடரும் இருந்தன. எது எதைக் கட்டுப்படுத்தும் என்பதே சர்ச்சை. முதல் தொடரைப் பற்றிக்கொண்ட நீதிபதி ஸ்டீவன்ஸ், 'குறிப்பிடத்தக்க ஆபத்து' இருப்பதை நிர்வாகம் முதலில் நிறுவ வேண்டும் என்றார். குளோரின் கலந்த நீரைக் குடித்து நூறு கோடியில் ஒருவர் புற்றுநோயால் இறப்பது குறிப்பிடத்தக்கதன்று. இரண்டு விழுக்காடு பென்சீன் கலந்த பெட்ரோல் ஆவியை முகர்ந்து ஆயிரத்தில் ஒருவர் இறப்பது குறிப்பிடத்தக்கது எனலாம் என்று விளக்கினார். இரண்டு எடுத்துக்காட்டுகளுக்கும் நடுவே பத்து இலட்சம் மடங்கு இடைவெளி. கோட்டை எங்கே போடுவது என்ற கேள்விக்கு அங்கே விடை இல்லை. நீதிபதி மார்ஷல் தம் மாற்றுத் தீர்ப்பில் இந்த வாசிப்பைக் கடுமையாக மறுத்தார். 1987 இல் அதே 1 பிபிஎம் மீண்டும் விதிக்கப்பட்டது. இடைப்பட்ட தாமதத்தால் போன உயிர்களை மதிப்பிட்டு 1989 இல் ஓர் ஆய்வுக் கட்டுரையும் வெளிவந்தது.

அந்த ஒன்றும் இறுதி எண் ஆகவில்லை. சீனாவின் தியான்ஜினில் காலணித் தொழிலாளர் 250 பேரின் இரத்தத்தை ஆராய்ந்து 2004 இல் வெளியான ஆய்வு, ஒரு பிபிஎம்முக்குக் குறைவான அளவிலும் வெள்ளணுக்கள் குறைவதைக் காட்டியது. கல்லீரல் பென்சீனைப் பீனாலாகவும் ஹைட்ரோகுயினோனாகவும் மாற்றுகிறது. அவை மஜ்ஜையைச் சென்றடைந்து குயினோன்களாகி அணுக்களின் மரபுப்பொருளைச் சிதைக்கின்றன. நஞ்சை வெளியேற்ற உடல் செய்யும் முயற்சியே நஞ்சை ஆக்குகிறது. பாதுகாப்பான அளவு என்று எதையும் பரிந்துரைக்க இயலாது என்பதே காற்றுத்தர வழிகாட்டுதல்களில் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இந்தியாவுக்கு வருவோம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1971 ஆம் ஆண்டுப் பென்சீன் உடன்படிக்கையை இந்தியா 1991 இல் ஏற்றது. மூடிய அமைப்புகளுக்கு வெளியே பென்சீனைக் கரைப்பானாகப் பயன்படுத்துவதைத் தடுக்குமாறு அது கோருகிறது. 2009 இல் வெளியான தேசியக் காற்றுத்தர நெறிமுறை, வெளிக்காற்றில் பென்சீனின் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது. எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களின் பெரும் கூட்டத்தில் வாயுநிலையில் இப்படி எண் பெற்றது பென்சீன் ஒன்றே. டொலுவீனுக்கும் சைலீனுக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை.

மும்பையின் செம்பூரை அடுத்த மாகுலில் இதன் விளைவைக் காணலாம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் வேதிப்பொருள் சேமிப்புத் தொட்டிகளுக்கும் நடுவே கோலி மீனவர்கள் வாழ்கிறார்கள். நகரத்தின் பிற பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்களும் அங்கேதான் குடியேற்றப்பட்டன. மும்பை கே.இ.எம். மருத்துவமனை 2013 இல் நடத்திய கணக்கெடுப்பில் மூச்சுத்திணறலும் கண்ணெரிச்சலும் பரவலாகப் பதிவாயின. மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடினர். 2015 இல் அங்கு வாழ்வோரின் உடல்நலத்திற்கு அச்சுறுத்தல் இருப்பதை ஏற்ற தீர்ப்பாயம், 2020 ஆகஸ்டில் நான்கு நிறுவனங்கள் மொத்தம் சுமார் 286 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என ஆணையிட்டது. பெரும்பாலான ஆவிகளுக்கு எல்லை எண்ணே இல்லாத நாட்டில் எல்லை மீறலை நிறுவும் சுமை அந்த மக்கள் மேல் இருந்தது.

இரண்டு எண்களை ஒரே அளவையில் வைத்துப் பாருங்கள். 1 பிபிஎம் பென்சீன் என்பது கனமீட்டருக்கு ஏறத்தாழ 3,200 மைக்ரோகிராம். ஆலைக்குள் ஏற்கத்தக்கது என்று அமெரிக்கா விதித்த அளவு, வெளிக்காற்றுக்கு நாம் விதித்த அளவைப்போல் 640 மடங்கு. எட்டு மணிநேர வேலை, வயதுவந்த உடல் என இதற்கு நியாயங்கள் சொல்வார்கள். அந்த நியாயங்கள் எல்லாம் ஆலைக்கு ஒரு மதில் இருப்பதாக எண்ணிக்கொள்கின்றன. ஆக்ராவின் காலணித் தொழிலில் கணிசமான பகுதி வீடுகளுக்குள் நடக்கிறது. பசை டப்பா திறந்திருக்கும் அறையிலேயே சமையல், குழந்தையின் உறக்கம், இரவு. அது பணியிடமா குடியிருப்பா என்பதைச் சட்டம் இன்னும் தீர்மானிக்கவில்லை. ஆகவே இரண்டு எண்களில் எதுவும் அந்த அறையில் அளக்கப்படுவதில்லை.