‘தொக்காங்’, ‘நன்லாபான்’: இரு செய்திச் சொற்களின் வரலாறு

பிலிப்பைன்சில் 2016 ஜூலையில் தொடங்கிய போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை செய்தித்தாள்களுக்கு இரு சொற்களை வழங்கிற்று. ‘தொக்காங்’ என்பது செபுவானோ மொழியில் தட்டுதலையும் வேண்டுதலையும் குறிக்கும் ‘தொக்தொக்’, ‘ஹங்யோ’ என்பவற்றின் கூட்டு. காவலர் வீடுதேடிச் சென்று திருந்துமாறு வேண்டுவர் என்பதே தொடக்கப் பொருள். விரைவிலேயே மக்கள் வழக்கில் அது கொலையைச் சுட்டலாயிற்று. இழிபொருட்பேற்றுக்கு இத்துணைக் கொடிய சான்று அரிது.

மற்றையதே கூர்ந்து நோக்கத்தக்கது. ‘நன்லாபான்’, ‘எதிர்த்துப் போரிட்டார்’ எனப் பொருள்படும் தகாலோக் வினைமுற்று. இறந்தவரே அதன் எழுவாய். சுட்டவருக்குத் தொடரில் இடமே இல்லை. செயப்பாட்டுவினையிலாவது ‘காவலரால்’ என மூன்றாம் வேற்றுமையில் சேர்க்க இயலும். ‘என்று காவல்துறை கூறிற்று’ என்பது தலைப்பில் விடுபடுந்தோறும், ஒருதரப்புக் கூற்று படிப்போர் மனத்தில் நடந்த நிகழ்ச்சியாகிவிடுகிறது.

2017 ஆகஸ்டில் கலோகன் நகரில் 17 வயது மாணவர் ஒருவர் கொல்லப்பட்டபோதும் காவலர் இதனையே கூறினர். சாட்சிகளும் கண்காணிப்பு ஒளிப்பதிவும் அதனை மறுத்தன. 2018 நவம்பரில் மூன்று காவலர் கொலைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று.

இச்சொல்லை ‘மோதலில் பலி’ என்று தமிழாக்கினால், மூலத்தில் இல்லாத இருதரப்புச் சண்டை வந்து புகும். ‘எதிர்த்ததால் சுட்டதாகக் காவலர் கூறுகின்றனர்’ என்பது நீண்டதாயினும் ஏற்புடையது.