தொண்டைமானாறும் பெயர்ப்பகுப்பும்

பெயரைப் பகுத்து வரலாறு காண்டல் இடப்பெயராய்வாளர் கைக்கொண்ட பழைய நெறி. தொண்டைமான் என்னுந் தலைவன் உப்பேற்றும் மரக்கலங்களின் பொருட்டு வெட்டுவித்த நீர்வழியே தொண்டைமானாறு என யாழ்ப்பாண வைபவமாலை கூறும். அவன் முதற் குலோத்துங்கனின் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமானே என்பாரும் உளர். அது முடிந்த முடிபன்று. ஆயினும் தொண்டைமான், ஆறு என்னும் இரு சொற்களும் அப்பெயருள் உள என்பதில் ஐயமில்லை.

இப்பகுப்பைக் கணினியிடம் ஒப்படைப்பின் நிகழ்வது யாது? நம் கணக்கில் அப்பெயர் 6 எழுத்து. 1991 இல் வெளிவந்த யுனிக்கோடு முறையோ, 1988 ஆம் ஆண்டின் இந்தியக் குறிமுறையைப் பின்பற்றி, அகரமேறிய மெய்க்கு ஒரு குறியீடும், புள்ளி, கால், கொம்பு முதலியவற்றுக்கு வேறு குறியீடுகளும் வகுத்தது. ஆதலின் பைதன் என்னும் நிரல்மொழி அப்பெயரை 12 ஆக எண்ணும். முதல் மூன்றை வெட்டித் தருக எனின் 'தொண' என வரும்; ணகரம் தன் புள்ளியை இழந்துவிடும். இறுதி மூன்றை வெட்டினாலோ, பற்றுதற்கு மெய்யில்லாத வெறுங்கால் ஒன்று முன்னே நிற்கும். 2014 இல் வந்த சுவிவ்ற் மொழி எழுத்தையே அலகாகக் கொண்டமையால் இக்குறை அதன்கண் இல்லை.

இதனினும் பெரிது மற்றொன்று. 'ஆறு' எனத் தேடின் இரு மொழிகளுமே தொண்டைமானாற்றைக் காட்டா. ஆகாரம் னகரத்தோடு புணர்ந்து காலாகிவிட்டது. வழுக்கையாறும் அவ்வாறே மறையும். நம் நீர்ப்பெயர்களைத் தொகுக்க முற்படும் மாணவன் இவையில்லாத பட்டியலைப் பெற்று, அதனையே முழுமையெனவும் நம்புவான். ஆகவே, வெட்டுதற்கு முன் உயிர்மெய்யை நம் இலக்கணமுறைப்படி மெய்யும் உயிருமாகப் பிரித்தல் வேண்டும். அங்ஙனம் பிரித்தால் இப்பெயர் 11 ஒலியாகும். முதல் எட்டும் தொண்டைமான்; எஞ்சுவன ஆ, ற், உ.