நாட்டு மருந்து வாங்குகிறீர்களா? ‘எம்ஏஎல்’ எண்ணைப் பாருங்கள்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் சுக்கு, திப்பிலி, கடுக்காய் முதல் லேகியம், சூரணம், மாத்திரை வரை எல்லாம் கிடைக்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நாட்டு மருந்து புதிதல்ல. ‘மூலிகைதானே, ஒன்றும் செய்யாது’ என்ற நம்பிக்கையும் கூடவே வளர்ந்துவிட்டது. ஆனால் மருந்தில் ஈயமோ பாதரசமோ அளவுக்கு மீறி இருந்தால், நோய் தீர்க்க வாங்கியதே நோயைக் கொடுக்கும்.

உலோகம் எப்படி வருகிறது?

இரண்டு வழிகளில் வருகிறது. செடி வளர்ந்த மண், பாய்ந்த நீர், அரைத்த இயந்திரம் ஆகியவற்றிலிருந்து தானாகச் சேர்வது ஒன்று. மருந்தாகவே சேர்ப்பது மற்றொன்று. சித்தம், ஆயுர்வேதம் இரண்டிலும் பாதரசம், ஈயம் போன்றவற்றைச் சுத்தி செய்து, புடமிட்டு, பற்பம், செந்தூரமாக்கும் முறை உண்டு. புடம் போடுவதால் உலோகத்தின் வடிவம் மாறும், உலோகம் மறைந்துவிடாது. சுத்தி முறையும் அளவும் தவறினால் ஆபத்து.

ஆய்வுகள் காட்டியவை

அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத் தெற்காசிய மளிகைக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்ததாக 2004-இல் ஓர் ஆய்வு வெளியானது. இது நம்மவர் மருந்துக்கு மட்டும் உள்ள குறையல்ல. மலேசியாவில் 100 தொங்காட் அலி ஹித்தாம் தயாரிப்புகளைச் சோதித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 26 தயாரிப்புகளில் பாதரசம் வரம்பை மீறியிருந்தது.

மலேசியாவில் பாரம்பரிய மருந்துக்கான உச்ச வரம்பு, ஒரு கிலோவுக்கு:

ஈயம் – 10 மில்லிகிராம்
ஆர்செனிக் – 5 மில்லிகிராம்
பாதரசம் – 0.5 மில்லிகிராம்
காட்மியம் – 0.3 மில்லிகிராம்

உடலில் என்ன செய்யும்?

ஈயம் மெல்ல மெல்லச் சேரும். வயிற்றுப் பிடிப்பு, மலச்சிக்கல், இரத்தச் சோகை, கைகால் தளர்ச்சி ஆகியவை அதன் அறிகுறிகள். கர்ப்பிணியின் இரத்தத்திலிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

• பெட்டியில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கி, எட்டு இலக்கங்களுக்குப் பின் ‘டி’ என்று முடியும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுத்தாளும் இருக்க வேண்டும். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். காய்ந்த மூலிகைக்கும், வைத்தியர் ஒரு நோயாளிக்கென்றே தயாரித்துத் தரும் மருந்துக்கும் இந்த எண் இருக்காது.

• பெயர் ஒட்டாத பொட்டலத்தையும், ஊரிலிருந்து யாரோ கொண்டு வந்த மாத்திரையையும் தவிர்த்துவிடுங்கள். பதிவில்லாத மருந்தை விற்கும் தனிநபருக்கு முதல் குற்றத்திற்கே 25,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

• வைத்தியரிடம், ‘இது வெறும் மூலிகையா, பற்பம், செந்தூரம் சேர்ந்ததா?’ என்று கேளுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் உலோக மருந்து சாப்பிட வேண்டாம். குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டாம்.

• காரணம் தெரியாத வயிற்று வலியோடு மருத்துவமனைக்குப் போனால், சாப்பிட்ட நாட்டு மருந்தையும் கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள். திட்டுவார்கள் என்று மறைத்தால் டாக்டர் வேறு நோயைத் தேடிக்கொண்டிருப்பார். சொன்னால் ஓர் இரத்தப் பரிசோதனையிலேயே ஈயம் தெரிந்துவிடும். அதற்குச் சிகிச்சையும் உண்டு.