கந்தை, கோதடி, சாஷிகோ

மாட்டுங்காவில் தமிழ்க் குடும்பங்கள் போகும் சேலைக் கடைகளில் ‘காந்தா வொர்க்’ என்ற பெயரை இன்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டஸ்ஸர் பட்டின் மேல் சின்னச் சின்ன ஓட்டுத் தையலாக மீனும் பூவும் யானையும் நிரம்பியிருக்கும். முழுவதும் கையால் தைத்ததென்றால் விலை நல்ல பட்டுச்சேலையோடு போட்டி போடும். அந்தக் காந்தாவும், கிழிந்த துணிக்கு நாம் சொல்லும் கந்தையும் ஒரே சொல். ஒன்று வங்காளம் வழியாக விலைச்சீட்டோடு வந்தது. மற்றொன்று பல நூற்றாண்டுகளாக நம் வீட்டு மூலையில் கிடக்கிறது. இரண்டும் ஒன்று என்று அந்தக் கடைகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வடமொழியில் கந்தா என்பது ஒட்டுப்போட்டுத் தைத்த ஆடை, பழந்துணிகளை அடுக்கித் தைத்த போர்வை. துறவிகள் போர்த்திக்கொண்டது. தமிழ்க் கந்தை அதிலிருந்து வந்தது என்றே அகராதிகள் பொதுவாகக் கொள்கின்றன. வரும் வழியில் ஒன்று தொலைந்துபோனது. மூலச் சொல்லில் கிழிசலும் உண்டு, அதைச் சேர்த்துப் பிடித்த தையலும் உண்டு. தமிழ்ப் பேச்சில் கிழிசல் மட்டும் தங்கிவிட்டது. கந்தையைக் கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழி எல்லோருக்கும் தெரியும். தைத்துக் கட்டச் சொல்லும் பழமொழி ஒன்றும் என் நினைவுக்கு வரவில்லை.

வங்காளத்தில் சொல்லின் கதை வேறு. அங்கே காந்தா என்றால் அம்மாவும் பாட்டியும் பழஞ்சேலைகளை அடுக்கி, கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் தைத்துத் தரும் போர்வை. 1929-இல் ஜசீமுதீன் ‘நக்ஷி காந்தார் மாட்’ என்ற நெடுங்கவிதையை வெளியிட்டார். அதன் நாயகி சாஜு, கணவனைப் பிரிந்த தன் கதை முழுவதையும் ஒரு காந்தாவில் தைத்து வைத்துவிட்டு இறந்துபோகிறாள். 1939-இல் கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் காந்தாவைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். இன்று மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தாவுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அங்கே கவிதை ஏறிய சொல் இங்கே பிச்சைப் பாத்திரத்தோடு சேர்ந்து நிற்கிறது.

தமிழில் தையலுக்கே சொல் இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. பழைய சொல் துன்னம். கிழிந்ததைச் சேர்த்துத் தைத்தல் என்பது அதன் பொருள். சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் துன்னகாரர் இருக்கிறார்கள். புறநானூற்றின் 136-ஆம் பாட்டில் துறையூர் ஓடைகிழார் ஆய் அண்டிரனிடம் தன் வறுமையைச் சொல்லும்போது உடம்பிலிருக்கும் துணியிலிருந்தே தொடங்குகிறார். யாழின் பத்தர்ப் புறத்தைப் போல இழைகள் ஓடிய பல துன்னங்கள், அவற்றின் இடுக்குகளில் பேன்கள். ஒரு கிழிசலை இவ்வளவு கிட்டத்தில் பார்த்த கண் வேறு எந்த மொழியிலும் எனக்குத் தென்பட்டதில்லை. பொருநராற்றுப்படையிலும் அதே துணி வருகிறது, அங்கே அது துன்னல் சிதார்: வியர்வையில் நனைந்து, வேற்று நூல் நுழைந்த கந்தல். கரிகாலன் அதைக் களைந்து, பாம்பின் சட்டை போன்ற மெல்லிய புதுத்துணி தருகிறான். ஆற்றுப்படையின் உலகில் தைத்த துணி கழற்றி எறிய வேண்டியது. புரவலனின் பெருமைக்கு அது ஒரு தொடக்கம், அவ்வளவுதான். அந்த வேற்று நூலை யார் கோத்தார்கள், அந்தக் கை எப்படி ஓடியது என்று பாட்டு திரும்பிப் பார்க்கவில்லை. கந்தையில் தையல் மறைந்துபோனதற்கு வித்து அங்கேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

துன்னத்தின் பக்கத்திலேயே வடமொழித் துன்னவாயன் நிற்கிறான். தையற்காரன் என்று பொருள். அதன் வேர் ‘துத்’ என்ற வினை, பொருள் குத்துதல். துன்ன என்றால் குத்தப்பட்டது. நம்முடைய ‘தை’ என்ற வினையும் அதே வேலையைச் செய்கிறது. முள் தைக்கிறது, அம்பு தைக்கிறது, துணி தைக்கிறோம். குத்துதலையும் இணைத்தலையும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமானால் தையல் இலையைப் பார்க்க வேண்டும். மந்தார இலைகளை அடுக்கி ஈர்க்குச்சியால் குத்தி இணைக்கிறோம். நூலே இல்லை, ஆனாலும் அது தைத்தல். துளைத்து இணைப்பதே அந்த வினையின் உயிர். அழகுபடுத்தல் என்ற பொருளும் அதற்கு உண்டு. அதனால்தான் பெண்ணுக்குத் தையல் என்று பெயர், வைத்தீசுவரன் கோயில் அம்மன் தையல்நாயகி.

ஜப்பானிய ஓட்டுத் தையலின் பெயரான சாஷிகோவிலும் முதற்பாதி ‘சாஷி’. குத்துதல், செருகுதல் என்ற பொருளுள்ள ‘சாசு’ என்னும் வினையிலிருந்து வந்தது. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவுண்டு என்று சுசுமு ஓனோ வாழ்நாளின் பிற்பகுதி முழுவதும் வாதிட்டார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். மொழியியலாளரில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. இங்கே அந்த உறவு தேவையுமில்லை. ஊசி எங்கே துணிக்குள் இறங்கினாலும் குத்துகிறது. மூன்று மொழிகளும் கையின் அந்த அசைவைப் பார்த்துத் தனித்தனியே பெயர் வைத்திருக்கின்றன என்பதே எனக்கு இன்னும் பெரிய செய்தியாகப் படுகிறது.

சாஷிகோவைப் பெற்றது குளிர். ஜப்பானின் வடகிழக்கில், இன்றைய அவோமோரிப் பகுதியில், பருத்தி விளையாது. விளைந்தது சணல் இனச் செடி ஒன்று. அதன் நாரில் நெய்த துணியில் காற்று நுழையும். 1724-இல் அங்கிருந்த ட்சுகரு ஆட்சி, உழவர் எதை உடுத்தலாம் என்று சிக்கனச் சட்டம் போட்டுப் பருத்தித் துணியைத் தடுத்தது. பருத்தி நூல் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கத் தொடங்கியபோது, பெண்கள் அந்த நூலால் நார்த்துணியின் கண்களை அடைத்தார்கள். நீலச்சாயத் துணி, வெள்ளை நூல். இழைகளை ஒற்றைப்படையில் எண்ணித் தைத்தால் ட்சுகருவின் கோகின், இரட்டைப்படையில் எண்ணித் தைத்தால் பக்கத்து நன்புவின் ஹிஷிசாஷி. கணக்கு மாறினால் சாய்சதுரத்தின் வடிவமே மாறிவிடும். தோளும் முதுகும் தேயும் இடத்தில் தையல் நெருக்கமாக விழும். எடோ நகரத்துத் தீயணைப்பு வீரர்கள் பல அடுக்குச் சாஷிகோச் சட்டையைத் தண்ணீரில் நனைத்து அணிந்துகொண்டு நெருப்புக்குள் போனார்கள். தையல் அங்கே குளிருக்கும் கவசம், நெருப்புக்கும் கவசம். அழகு பின்னால் வந்து சேர்ந்தது.

தெற்கிலிருந்து கப்பலில் வந்த பழந்துணித் துண்டுகளை மேலும் மேலும் ஒட்டித் தைத்தவை போரோ. அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் கந்தல். ஊரார் வெளியே காட்ட வெட்கப்பட்ட அந்தப் போரோவைத் தனக்கா சூசபுரோ வீடு வீடாகப் போய்ச் சேகரித்தார். அவர் சேகரிப்பை வைத்துத் தோக்கியோவின் அசாகுசாவில் ஓர் அருங்காட்சியகம் 2009 முதல் 2019 வரை நடந்தது. நம்முடைய கந்தைக்கு அப்படி ஒரு சூசபுரோ இன்னும் கிடைக்கவில்லை.

சாஷிகோவின் தேவை ஒழிந்த கதையின் ஓரத்தில் பம்பாயும் வருகிறது. 1891-இல் தோக்கியோவிலிருந்து அவோமோரி வரை ரயில் போனது. ஆலைத்துணி அதில் ஏறி வடக்கே வந்தது. அந்த ஆலைகளுக்குப் பஞ்சு வேண்டும். 1893-இல் நிப்பான் யூசென் கைஷா என்ற ஜப்பானியக் கப்பல் நிறுவனம், ஜம்சேட்ஜி டாட்டாவோடு சேர்ந்து, பம்பாய்க்கும் கோபேக்கும் இடையே கப்பல் விட்டது. பீ அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கப்பல் நிறுவனத்தின் சரக்குக் கட்டணத்தை உடைக்கத் தொடங்கிய வழி அது. இந்தியப் பஞ்சு அந்த வழியில் போனது. பருத்தி மலிவானது. எந்தப் பஞ்சமும் குளிரும் வடக்கத்திப் பெண்களுக்குக் கோகினைக் கற்றுக்கொடுத்ததோ, அந்தப் பஞ்சம் தீர்ந்ததும் கோகினும் குறைந்தது.

மும்பையில் இப்படிப் பழந்துணிகளை அடுக்கித் தைத்த போர்வைக்குப் பெயர் கோதடி. மராத்தியில் வாகள் என்றும் சொல்வார்கள். கந்தல் என்ற பொருளுள்ள இந்தி ‘கூதட்’, ‘குதடி’ ஆகியவற்றின் உறவுச்சொல். ஆனால் மராத்தியில் கோதடி என்ற சொல்லைக் கேட்டதும் வருவது பாட்டி மடியின் சூடு. பனி விழாத ஊரில் இவ்வளவு தைப்பதா என்று கேட்கத் தோன்றும். டெக்கான் மேட்டில் மார்கழிக் குளிர் குறைந்ததல்ல. அங்கிருந்து ஆலை வேலைக்கு வந்தவர்கள் கோதடியையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். மும்பைத் தரையில் ஈரத்துக்கும் சிமெண்டுக்கும் நடுவே அது படுக்கையானது.

ஒன்பது கஜப் பழஞ்சேலை மேலேயும் கீழேயும். நடுவில் கிழிந்த வேட்டி, சட்டை, எது கிடைக்கிறதோ அது. தரையில் விரித்து, சுருக்கத்தைக் கையால் நீவி, நாலு மூலையிலும் பாரம் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்து தைப்பார்கள். சட்டம் கிடையாது, மாதிரி வரைவதும் கிடையாது. ஓரத்திலிருந்து தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்ளே வருவார்கள். அந்த ஓட்டத்துக்கு மராத்தியில் தாவ்தோரா, ஓடும் நூல் என்று பெயர். நாம் ஓட்டுத் தையல் என்கிறோம். கைக்குழந்தைக்கான சிறிய கோதடி துபடே. நெல்லைப் பக்கம் முஸ்லிம் பெண்கள் போர்த்திய துப்பட்டியும், இன்றைய துப்பட்டாவும் அதன் சொந்தம். இரண்டு பட்டை சேர்ந்தது என்பதே எல்லாவற்றின் வேர். கோதடிகளைத் தேடி மகாராஷ்டிரம் முழுவதும் போய்ப் புத்தகமாக்கியவர் மும்பையின் கீதா கண்டேல்வால். அதைப் புரட்டினால் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் துணி வரலாறு.

தாராவித் தமிழர் வீடுகளிலும் இதற்குப் பெயர் கோதடிதான். திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள் பக்கத்து வீட்டிலிருந்து பொருளையும் பெயரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். கந்தை என்று அதைச் சொல்ல வாய் வராது. துணிக்கு அங்கே பஞ்சமுமில்லை. நைன்ட்டி ஃபீட் ரோட்டுச் சந்துகளின் தையல் பட்டறைகளில் வெட்டி மிஞ்சும் துண்டுகளுக்குச் சிந்தி என்று பெயர். கிலோக் கணக்கில் கைமாறும். செம்பூர்க் குடியிருப்புகளில் பழைய துணியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் தரும் பெண்கள் வருவார்கள். பாத்திரக்காரியிடம் பேரம் பேசிய எந்த அம்மாவுக்கும் ஒரு பழஞ்சேலையின் மதிப்பு துல்லியமாகத் தெரியும். பலமுறை துவைத்த பருத்திதான் தைக்கும்போது ஊசிக்கு வழிவிடும், போர்த்தும்போது உடம்பை உறுத்தாது.

பழந்துணியைச் சேர்த்துத் தைப்பதற்குப் பழைய மரியாதை ஒன்று உண்டு. புத்தரின் துறவிகள் குப்பையில் கிடந்த துண்டுகளைத் தைத்து உடுத்தினார்கள். மகத நாட்டு வயல்களையும் வரப்புகளையும் பார்த்து ஆனந்தர் அந்த ஆடைக்கு வடிவம் அமைத்தார் என்று விநய நூல் சொல்கிறது. அந்தச் சீவரம் தேவாரக் காலத் தமிழுக்கும் தெரிந்த சொல். மும்பையின் பௌத்தர்கள் இன்றும் சீவர் என்றே சொல்கிறார்கள். அதே ஆடையின் மற்றொரு பெயரான காஷாயம் ஜப்பானுக்குப் போய்க் கேசா ஆனது. அங்கே துறவியரின் கந்தல் கேசாவில் துண்டுகளைப் பிடித்திருப்பது நெருக்கமான ஓட்டுத் தையல்.

இப்போது மும்பையில் சாஷிகோ கற்றுக்கொள்ள ஆசைப்படும் இளம்பெண்கள் இருக்கிறார்கள். நல்லது, கற்கட்டும். நீண்ட ஊசியை அசைக்காமல் பிடித்து, துணியை மடித்து மடித்து அதன்மேல் ஏற்ற வேண்டும். உள்ளங்கையில் அணியும் உறை ஊசியைத் தள்ளும். மேல்பக்கத் தையல் அரிசி மணி அளவு, அடிப்பக்கம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. முடிச்சுப் போடாமல் தொடங்கி, முடிச்சுப் போடாமல் முடிக்கலாம். மூலையில் திரும்பும்போது பின்பக்கம் நூலைச் சற்றுத் தளர்த்தி விட வேண்டும், இல்லாவிட்டால் துவைத்ததும் துணி சுருங்கிவிடும். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் விரலால் நீவிச் சமப்படுத்த வேண்டும். இதில் உறையைத் தவிர மற்றவற்றைத் தாராவியில் தரையில் உட்கார்ந்து கோதடி தைக்கும் எந்த ஆச்சியும் சொல்லித் தருவார். அவரிடம் கேட்டால் முதலில் சொல்வது, “நூலை இழுக்காதம்மா, துணி தானா வரும்.”